ஆயர் வீட்டுக் கல்யாணம்

அந்தத் துறைமுக ஊருக்கு ஆங்கிலிக்கன் சபையின் புதிய ஆயர் வந்து இறங்கியபோது, முதலில் கரை சேர்ந்தது அவருடைய தொப்பிதான். படகிலிருந்து கால் வைத்த இடத்தில் அலை அவரைத் தள்ளிவிட்டது. ஆள் நல்ல உயரம். விழுந்ததும் பனைமரம் சாய்ந்த மாதிரிதான் இருந்தது. கோட்டும் கழுத்துப்பட்டையுமாக வரவேற்க வந்திருந்த துரைமார்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு அம்மாள் பாவாடையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் குதித்தாள். ஆயரின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தி, கரைவரை நடத்திக்கொண்டு வந்தாள். அவள் ஆயரின் அக்கா.

தம்பி நடை பழகுமுன்பே அவர்களுடைய அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா சீமையில் ஒரு சின்ன ஊரின் குருவானவர். கையில் புத்தகம் இருந்தால் வீடு தீப்பிடித்தாலும் அவருக்குத் தெரியாது. தம்பிக்கு ஊட்டியது, எழுத்து சொல்லிக் கொடுத்தது, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் அக்காதான். அவர் வளர்ந்து குருவானவராகி, நடுவயதில் கடல் தாண்டிப் போய் ஆயராக இருக்க அழைப்பு வந்தபோது, அவளை யாரும் வாவென்று கூப்பிடவில்லை. அவள் பாட்டுக்குத் தன் பெட்டியைக் கட்டினாள். உனக்கு எதற்கு இந்தக் கஷ்டம் என்று தம்பி கேட்டதற்கு, "அங்க உன் காலுறைக்கு ஜோடி யார் தேடுவா?" என்று மட்டும் சொன்னாள்.

ஆயர் மாளிகை என்பது பெயரளவில்தான். சுங்கச்சாவடிக்குப் பின்னால், ஓடுகள் நழுவிப்போன ஒரு பழைய வீடு அது. மழை பிடித்தால் சமையலறைப் பாத்திரங்கள் எல்லாம் வரவேற்பறைக்குக் குடிவந்துவிடும். வீட்டின் பின்முற்றத்தை ஒட்டிச் சபையின் அச்சுக்கூடம். ஜன்னலைத் திறந்தால் மை வாசனையும், ஈய எழுத்துகள் தட்டில் விழும் சத்தமும் உள்ளே வரும்.

ஆயர் உழைப்பதற்கு அஞ்சாதவர். உள்நாட்டுச் சபைகளுக்கு வண்டி கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் போவார். கூரை இல்லாத கோயிலிலும் முழு அங்கியோடு ஆராதனை நடத்துவார். மொழிதான் அவருக்கு மசியவில்லை. முதல் பிரசங்கத்தில், "ஆண்டவர் உங்களை அழைக்கிறார்" என்று சொல்ல நினைத்து, இரண்டு கைகளையும் விரித்து, "ஆண்டவர் உங்கள் எல்லாரையும் அழிக்கிறார், சீக்கிரம் வாருங்கள்" என்றார். முன்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்படியானால் நாங்கள் கொஞ்சம் மெதுவாகவே வருகிறோம் என்று படகுக்காரர் ஒருவர் சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. விஷயம் காதுக்கு வந்ததும் ஆயர் கோபப்படவில்லை. அடுத்த ஞாயிறு பீடத்திலிருந்தே அதைச் சொல்லி, எல்லாரையும்விட அதிகமாகத் தாமே சிரித்தார். அன்றிலிருந்து ஊர் அவரைத் தன் ஆளாக வைத்துக்கொண்டது. அவருக்கு 'நெட்டை ஐயா' என்றும் அவளுக்கு 'ஆயரக்கா' என்றும் பெயர் விழுந்தது.

ஆயரக்காவுக்கு மொழி சீக்கிரமே நாக்கில் உட்கார்ந்துவிட்டது. கடைத்தெருவில் பேரம் பேசியும், பள்ளிப் பிள்ளைகளைத் திட்டியும் கற்றுக்கொண்ட மொழி. அதில் அவள் சண்டைகூடப் போடுவாள். அவள் அதிகமாகச் சண்டை போட்டது அச்சுக்கூடத்து மேஸ்திரியோடு.

மேஸ்திரி மனைவியை இழந்தவர். ஒரே மகள், சபைப் பள்ளியில் டீச்சர். இரண்டு கட்டைவிரலிலும் மை ஊறிப்போய் எந்தச் சோப்புக்கும் போகாததால் அவரை 'மை மேஸ்திரி' என்பார்கள். முன்கோபக்காரர், ஆனால் அந்தக் கோபம் பால் பொங்குகிற மாதிரி, இறக்கி வைத்தால் அடங்கிவிடும். சிரித்தால் வெண்கலக் கடையில் யானை புகுந்த சத்தம் கேட்கும்.

சின்னப் பிள்ளைகளுக்கான வாசிப்புப் புத்தகம் ஒன்றை ஆயரக்கா எழுதி அச்சுக்குக் கொடுத்திருந்தாள். எழுத்து பெரியதாக வேண்டும் என்பது அவள் கட்சி. யானை பெரிசில் எழுத்து வைத்தால் புத்தகத்தைச் சுமக்கப் பிள்ளைக்கு ஒரு ஆள் வைக்க வேண்டும் என்றார் மேஸ்திரி. எறும்பு பெரிசில் வைத்தால் படிக்க ஒரு ஆள் வைக்க வேண்டும் என்றாள் அவள். அச்சுக் கோர்ப்பவர்கள் தலையைக் குனிந்து வேலை செய்கிற பாவனையில் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு எழுத்தில் புத்தகம் வந்தது. சண்டை மட்டும் நிற்கவில்லை. அடுத்த புத்தகத்துக்குத் தாவியது.

ஒரு மழைக்காலத்தில் சூறைக்காற்று அச்சுக்கூடத்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. அச்சடித்துத் தைக்காமல் வைத்திருந்த சங்கீதப் புத்தகத் தாள்கள் அத்தனையும் நனைந்துவிட்டன. ஆயரக்காவும் மேஸ்திரியும் அவற்றை அள்ளிவந்து, மாளிகை முழுக்கக் கயிறு கட்டித் துணி போலக் காயப்போட்டார்கள். சாப்பாட்டு மேசைக்குப் போகவே ஆயர் தாவீது ராஜாவின் பாட்டுகளுக்குக் கீழே குனிந்து போக வேண்டியிருந்தது. ஒரு வாரம் முழுக்க அவர்கள் தாள்களைத் திருப்பிப் போட்டும், பக்கம் மாறியதற்கு ஒருவரையொருவர் குற்றம் சொல்லியும் வீட்டை இரண்டாக்கினார்கள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதை ஆயர் அந்த வாரம்தான் கேட்டார். கடல்காற்று அவளுக்கு ஒத்துக்கொண்டது என்று நினைத்துக்கொண்டார். படித்த மனிதர்தான், கண்ணுக்கு முன்னால் நடப்பதைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குத் தெரியும்.

மழை ஓய்ந்து கூரை மாற்றிய பிறகு, ஒரு காலையில் மேஸ்திரி ஆயரின் வாசிப்பறைக்கு வந்தார். வெளுத்த சட்டை; எண்ணெய் வைத்து வாரிய தலை; மணல் போட்டுத் தேய்த்ததில் கட்டைவிரல்கள் சிவந்திருந்தன. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஐயா, பொண்ணு கேட்டு வந்திருக்கேன்."

வீட்டு வேலைக்கு ஆள் கேட்கிறார் என்று ஆயர் எடுத்துக்கொண்டார். "சமையலுக்கா? அதெல்லாம் எனக்குத் தெரியாது மேஸ்திரி. அக்காகிட்ட கேளுங்க."

"அவங்ககிட்டதான் முதல்ல கேட்டேன் ஐயா. சரின்னுட்டாங்க."

"அப்புறம் என்ன? யார் அந்தப் பொண்ணு?"

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "உங்க அக்காதான் ஐயா."

ஆயருக்கு அது விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. விளங்கியதும், யோசித்துச் சொல்கிறேன் என்று எதையோ முணுமுணுத்துவிட்டு, வெயிலில் தொப்பிகூட இல்லாமல் கடற்கரைப் பக்கம் நடந்துபோனார்.

திரும்பி வந்து அக்காவிடம் காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். சீமைக்காரர்கள் ஆலயத்துக்கு வரமாட்டார்கள். சீமையில் இருந்து தன்னை அனுப்பிய மிஷன் சங்கத்தார் கேள்வி கேட்பார்கள். இரண்டு பக்கத்துச் சனங்களின் வாயிலும் விழ வேண்டியிருக்கும். ஐம்பதைத் தாண்டிய வயதில் இது தேவையா. அக்கா தையலைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்ததும், "நான் உத்தரவு கேக்கல தம்பி. உன்னை வந்து ஆசீர்வாதம் பண்ணுன்னு கேக்கறேன்" என்றாள். 

சின்ன ஊரில் செய்திக்குக் கால் வேண்டுமா? மறுநாளே ஊரை நிர்வகித்த பெரிய துரை குதிரை வண்டியில் வந்து இறங்கினார். அம்மையாருக்கு வெயிலால் மனம் குழம்பியிருக்கிறது, அடுத்த கப்பலிலேயே சீமைக்கு அனுப்பி வைப்பது எல்லாருக்கும் நல்லது என்று பக்குவமாகச் சொன்னார். அந்தக் கறுப்பனுக்கு வேறு எங்காவது வேலை பார்த்துக் கொடுக்கலாம் என்றும் சொன்னார். ஆயர் மேசையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஆலயத்தின் தலைமைக் குருவானவரும், கல்யாண அறிவிப்பைத் தன் வாயால் வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அக்கா கேட்டாள்: "துரைக்கு நீ என்ன பதில் சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"அவர் பேசினது எனக்கு வலிக்கல. நீ பேசாம இருந்ததுதான் வலிக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

மேஸ்திரி வீட்டிலும் மழைக்கு முந்தின மேகம்தான். செருப்பைக் கழற்றினால் நாலு எட்டு நடக்கத் தெரியாதவளைக் கட்டிக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று அவருடைய அக்கா வாசலில் நின்று கேட்டாள். டீச்சராக இருந்த மகள் ஒன்றும் கேட்கவில்லை; அப்பாவுக்குத் தட்டு வைப்பாள், முகம் பார்க்க மாட்டாள். ஆயரக்கா பள்ளிக்கே போனாள். பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த டீச்சரின் பக்கத்தில் போய் நின்றாள்.

"உங்கம்மா இடத்துக்கு நான் வரலம்மா. அது அப்படியே இருக்கட்டும். எனக்கு ஒரு ஓரம் போதும்."

டீச்சர் துடைப்பதை நிறுத்தினாள். "ஓரத்துல உக்கார்ற ஆளா நீங்க?" என்றாள். சொன்ன வேகத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்தது. இரண்டு பேரும் பிள்ளைகளின் சின்ன பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, வெளிச்சம் போகும்வரை பேசினார்கள்.

ஆயர் அந்த வாரமே, போகவேண்டிய நாளுக்கு முன்பாகவே, உள்நாட்டுச் சபைகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். வேலை என்று சொன்னார். ஓட்டம் என்று அவருக்கும் தெரியும், வண்டிக்காரருக்கும் தெரியும்.

மலையடிவாரத்தில் ஒரு சபை. வளர்ந்த பிள்ளைகள் வரிசையாக வந்து முழங்காலிட, ஆயர் தலையில் கைவைத்து ஜெபித்துச் சபையில் உறுதிப்படுத்தும் ஆராதனை அன்று. வரிசையில் ஒரு பெண். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். இடுப்பில் தம்பியைத் தூக்கி வைத்திருந்தாள். குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிட்டு முழங்காலிடம்மா என்றார் ஆயர்.

"எறக்கி விட்டா அழுவான் ஐயா" என்றாள் அவள்.

எத்தனையோ பேர் கை நீட்டினார்கள். அந்தப் பையன் அக்காவின் கழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினான். அவளும் விடுவதாக இல்லை. குழந்தையோடேயே தடுமாறி முழங்காலிட்டாள். ஆயர் அவள் தலையில் கைவைத்தார். ஜெபம் அவருக்கு மனப்பாடம். ஆனால் பாதியில் வார்த்தை தொலைந்துபோயிற்று. சனங்கள் ஐயாவுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள்.

அவருக்கு நினைவு வந்தது வேறு. அவர் சின்னவனாக இருந்தபோது பக்கத்து ஊர் வைத்தியர் ஒருவர், நல்ல மனிதர், அக்காவைக் கேட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் வேலியோரம் நடந்துபோவார்கள். அக்கா வீட்டை விட்டுப் போய்விடுவாள் என்று யாரோ விளையாட்டாகச் சொல்ல, அவர் தரையில் விழுந்து புரண்டு அழுதார். சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். போகமாட்டேன் என்று அக்கா அவர் தலையில் கைவைத்துச் சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தார். வைத்தியர் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். அக்காவுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டார்கள். இத்தனை வருஷமும் அவரும் அதையே நம்ப முயன்றார். சங்கத்தாரும் துரையும் ஒரு பக்கம் கிடக்கட்டும். இப்போதும் தான் தரையில் புரண்டுகொண்டுதான் இருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது.

மிச்சச் சபைகளுக்கு இன்னொரு முறை வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, வண்டியை ஊருக்குத் திருப்பச் சொன்னார். காரணம் கேட்ட வண்டிக்காரரிடம், "வீட்ல கல்யாணம்" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் புழுதியோடு வந்து இறங்கியவர், நேரே சமையலறைக்குப் போனார். அங்கே ஆயரும் அக்காவும் என்ன பேசினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. பால்காரர் வந்தபோது, நெட்டை ஐயா குட்டை முக்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாராம். அக்கா ஒரு கையால் அவர் முதுகைத் தடவிக்கொண்டே மறுகையால் அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்தாளாம்.

மறுநாள் காலை சீமைக்காரர்களின் ஆராதனையில், தலைமைக் குருவானவரை உட்காரச் சொல்லிவிட்டு, கல்யாண அறிவிப்பை ஆயரே வாசித்தார். பெரிய துரை குடும்பத்தோடு எழுந்து வெளியே போனார். இன்னும் சிலர் பின்னால் போனார்கள். ஆயர் அவர்கள் வெளியே போகும்வரை பொறுத்திருந்து, வாசித்ததைத் திரும்ப முதலிலிருந்து வாசித்தார்.

அடுத்து ஊர்க்காரர்களின் ஆராதனை. அக்காவின் பெயரையும் மேஸ்திரியின் பெயரையும் பிழையில்லாமல் சொல்லி, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்று நிறுத்தினார். வழக்கமாக அந்த இடத்தில் இருமல் சத்தம்தான் கேட்கும். அன்று மேஸ்திரியின் அக்கா எழுந்து நின்றாள்.

"அந்தம்மாவுக்குச் செருப்பில்லாம நடக்க வராதுங்க ஐயா."

 ஆயர் கையிலிருந்த ஆராதனைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு தீவிரமான முகத்தோடு, "அது சட்டப்படி தடை இல்லம்மா" என்றார். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அடுத்த நிமிஷம் ஆலயமே சிரித்தது. மேஸ்திரி மட்டும் வேர்த்து வடிந்துகொண்டிருந்தார்.

கல்யாண நாளில் ஒரு சிக்கல் வந்தது. பெண்ணைக் கைப்பிடித்து அழைத்துவர அப்பா இல்லை. தம்பிதான் வர வேண்டும். நடத்தி வைக்கவோ வேறு குருவானவர் முன்வரவில்லை, அதற்கும் தம்பிதான். ஆயர் அங்கியும் செங்கோலுமாக அக்காவை வாசலிலிருந்து அழைத்துவந்து, மேஸ்திரியின் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அவசரமாகப் படியேறிப் பீடத்துக்கு முன்னால் போய் நின்றார். இந்தப் பெண்ணை இவருக்குக் கொடுப்பது யார் என்று புத்தகத்தைப் பார்த்துக் கேட்டார். பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தை மூடினார், படியிறங்கி வந்தார், அக்காவின் கையை எடுத்து, "நான்தான்" என்றார். மை படிந்த கையில் அதை வைத்தார். விட மனமில்லாமல் சற்று நேரம் மூன்று கைகளும் ஒன்றாகவே இருந்தன. அக்காதான் மெதுவாக, "மேல போ தம்பி, கல்யாணம் பாதியில நிக்குது" என்று நினைவுபடுத்தினாள்.

பிறகு எல்லாம் தேனும் பாலுமாக ஓடிவிடவில்லை. சீமையிலிருந்து சங்கத்தார் கண்டித்து எழுதினார்கள். பெரிய ஊரின் ஆயர் பதவிக்கு ஆள் தேடியபோதெல்லாம் அவரைத் தாண்டிப் போனார்கள். சீமைக்காரர்களின் பெஞ்சுகள் ரொம்ப நாள் காலியாகக் கிடந்தன. ஆனால் ஊரில் இருந்தது ஒரே ஆலயம். குழந்தை பிறந்தது, ஆள் செத்தது என்று ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பெரிய துரை மட்டும் மாற்றலாகிப் போகும்வரை வரவில்லை. ஆயரக்காவுக்கும் மேஸ்திரியின் அக்காவுக்கும் முதல் வருஷம் எலியும் பூனையும்தான். இரண்டாவது வருஷம் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு மேஸ்திரியைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் அச்சுக்கூடத்தில் வேலை மும்முரத்தில், அத்தனை பேருக்கும் முன்னால் மேஸ்திரி வாய் தவறி, "மச்சான், பிழை பாத்த அந்த புரூஃப் தாளை இப்படிக் குடுங்க" என்று ஆயரிடம் சொல்லிவிட்டார். எழுத்துக் கோர்க்கும் கைகள் நின்றுபோயின. மேஸ்திரி நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று ஆயர் டீச்சரிடம் போய்க் கேட்டார். அவள் விளக்கிச் சொன்னாள். அந்தக் கணக்கில் நீங்கள் எனக்கு மாமா என்றும் சொன்னாள். அன்று முழுக்க ஆயர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தனக்குத்தானே 'மாமா, மாமா' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்ததை ஊர் பார்த்தது.

வயதானபின் சீமைக்குத் திரும்பக் கப்பலில் இடம் கொடுத்தார்கள். தனக்கு அங்கே யாரையும் தெரியாது என்று சொல்லி மறுத்துவிட்டார். புது ஆயர் வந்ததும் மாளிகையைக் காலி செய்து, மேஸ்திரி வீட்டின் பக்கத்து அறைக்குக் குடிபோனார். டீச்சருக்குக் கல்யாணமாகிப் பெண் குழந்தை பிறந்தபோது அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும் ஞானஸ்நானம் மாமாதான் கொடுக்க வேண்டும் என்று டீச்சர் ஒற்றைக்காலில் நின்றாள்.

தொட்டிக்குப் பக்கத்தில் அக்கா அவர் முழங்கையைத் தாங்கிக்கொள்ள, ஆயர் குழந்தையை வாங்கி நெற்றியில் தண்ணீர் விட்டார். குழந்தை அழவில்லை. அவருடைய வெள்ளைத் தாடியை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தது. பிறகு கை நிறையப் பிடித்துக்கொண்டது. அவர் தலையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. மேஸ்திரி விரல்களைப் பிரிக்கக் கை நீட்டினார்.

"விடுங்க, பிடிச்சுக்கட்டும்" என்றார் ஆயர். குனிந்தபடியே மிச்ச ஜெபத்தையும் நிதானமாகச் சொல்லி முடித்தார்.